பெயர் கேட்பதுதான் கஷ்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விபத்து நடந்த இடத்தில் உதவாமல் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்களே, இவர்களுக்கு மனசே கிடையாதா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். மும்பையில் பல வருஷமாகப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதிகள் சுட்டுக்கொண்டிருந்த சிஎஸ்டி ரயில் நிலையத்திலிருந்து ஜனங்கள் உயிர் பிழைக்க ஓடிக்கொண்டிருந்தபோது பத்திரிகைப் புகைப்படக்காரர் செபாஸ்டியன் டிசோசா கேமராவோடு உள்ளே போனார், காலி ரயில் பெட்டியில் பதுங்கி நின்று, சுட்டவர்களில் ஒருவனான கசாப்பைப் படம் எடுத்தார். பிறகு வழக்கில் அவர் சாட்சி சொன்னார், அந்தப் படங்களும் சாட்சியாக நின்றன. அவர் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று அந்த வாசகர் நினைக்கிறார்?

உண்மையில் படம் எடுப்பதைவிடக் கஷ்டம், அடியில் போடுவதற்குப் பெயர் கேட்பது. ஒரு கட்டட விபத்தன்று சவக்கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் இந்தியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் “என்ன கேக்கான்?” என்றார். தாராவியில் வளர்ந்தவனுக்கு அந்தத் திருநெல்வேலிப் பேச்சு தெரியாதா? தமிழில் கேட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மகன் பெயரைச் சொன்னார், “தப்பில்லாமப் போட்டுருய்யா” என்றார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி ஆபீசில், ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று அவர் கண்ணைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. மறுநாள் காலை ஒரு சினிமா விழாவுக்கு அனுப்பினார்கள், போனேன்.

ஆனாலும் இந்த வேலையை விட மனசு வராது. கிர்காவ் சௌபாத்தி கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கேமராவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, லால்பாக் பிள்ளையார் கடலுக்குள் போவதை எடுக்கும்போது வரும் சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். சவக்கிடங்கிலிருந்து திரும்புகிறவனிடம் “வீடியோ இருக்கா?” என்பதற்கு முன்னால் “சாப்பிட்டியாப்பா?” என்று கேளுங்கள், மறுநாள் லீவு கொடுங்கள். முக்கியமாக, படத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் சின்னப் பையன்கள் இருக்கிறார்களே, சம்பளப் பட்டியலில் இல்லாததால் லீவும் கிடையாது, மனநல ஆலோசனையும் கிடையாது. உங்கள் பத்திரிகையாவது இவர்களுக்கும் ஒரு மனநல மருத்துவரை ஏற்பாடு செய்யலாமே.

— ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர், தாராவி, மும்பை