மூன்றாவது பெயர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. சோம்பலால் பதில் எழுதாமல் விடவில்லை. எங்கள் பேராதனைப் பழைய மாணவர் சங்கத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பை இந்த வருஷம் என் தலையில் கட்டிவிட்டார்கள். "நீ சும்மாதானே இருக்கிறாய்" என்றார்கள். வீட்டில் கேட்கிற பேச்சு போதாதென்று இவர்களுமா!

இங்கே லண்டனில் வருஷத்துக்கு ஓர் இராப்போசனம், கோடையில் பார்க்கில் ஒன்றுகூடலும் கிரிக்கெட்டும், இடையில் இரண்டு மூன்று சிறப்புரை, அவ்வளவுதான். இராப்போசனத்துக்கு டிக்கெட் காணாது. சிங்களப் பெடியள் பைலாவைத் தொடங்கினால் முழங்கால் வலிக்காரர் எல்லாம் எழும்பி ஆடுவார்கள், நம்முடைய பட்ச்தான் முன்னுக்கு நிற்கும். நான்கு வருஷப் படிப்பை, 87க்குப் பிறகு ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் கம்பஸை மூடி மூடித் திறந்ததில், இழுத்து இழுத்து முடித்த கூட்டமல்லவா நாங்கள். அந்தக் காலத்தில் யார் எங்கே ஒளிந்திருந்தோம், யார் திரும்பி வரவேயில்லை என்ற கதையை அந்த மேசையில் ஒருவரும் எடுப்பதில்லை. பைலா வசதி.

சிறப்புரைதான் சோதனை. போன ஒக்டோபரில் ஊரிலிருந்து ஒருவரை ஸூமில் பேச ஒழுங்கு செய்தோம். இங்கே மாலை நான்கு மணி, அங்கே இரவு எட்டரை என்று நான்தான் கணக்குப் பார்த்துச் சொன்னேன். அன்று விடிய இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற ஞாயிறு என்பது எனக்கு நினைவில்லை. பாவம், அந்த மனிசன் எட்டரைக்கே கோட் போட்டுக்கொண்டு வந்து வெறும் திரைக்கு முன்னால் ஒன்பதரை வரைக்கும் குந்தியிருந்தார். கடைசியில் கேட்க வந்தது பதினொரு பேர், அதில் இரண்டு பேர் குறட்டை.

சரி, இந்த முறை இரண்டு வேலை செய்தேன். ஒன்று, கொத்து ரொட்டியைப் பேச்சு முடிந்த பிறகுதான் திறப்பது. மற்றது, தலைப்பு பேராதனையில் பொறியியல் பேராசிரியராக இருந்த துரைராஜா சேர். அவரிடம் எழுபதுகளில் படித்த ஒரு சீனியர் பேசினார். தன் வீட்டுப் பின்வளவில் கிண்டிய லண்டன் களிமண்ணை ஒரு கட்டியாகக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, சிலைட் ஒன்றும் இல்லாமல் ஆளை அழுத்துகிற மாதிரி அதை அழுத்தி அழுத்திக் கதைத்தார். கேம்பிரிட்ஜில் சேர் கண்டுபிடித்ததை அவர் சொன்ன விதம்: களிமண்ணை நெரித்துச் சறுக்க வைக்கிறாய், அது சுருங்கலாம், விரியலாம், தண்ணீரை வெளியே விடலாம், விடாமல் பிடிக்கலாம், எப்படி இருந்தாலும் உள்ளே தொலைகிற சக்திக்குக் கணக்கு ஒன்றுதான், உராய்வு. அந்த ஒரு எளிய கணக்கின் மேல்தான், களிமண் சுமைக்குக் கீழே எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்கிற கேம் களிமண் (Cam clay) மாதிரியைக் கட்டினார்கள். கேம் என்பது கேம்பிரிட்ஜில் ஓடுகிற ஆற்றின் பெயர். 1963இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் மூன்று பெயர்கள்: ரோஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராஜா.

எங்கள் பட்ச்காரன் ஒருவனின் மகள், இங்கே சிவில் இன்ஜினியரிங் படிக்கிறவள், பின்வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் தலையை நிமிர்த்தினாள். "அங்கிள், இது எங்களுக்குப் போன வருஷப் பாடம். அந்த மூன்றாவது பெயரை எங்கள் லெக்சரர் தடக்கித் தடக்கி வாசித்தார். ஏதோ ஜப்பான்காரர் என்று நினைத்தேன்" என்றாள். மண்டபம் சிரித்தது, பிறகு பேச்சில்லை. அந்த மூன்றாவது ஆள் ஊருக்குத் திரும்பிவந்து பேராதனையில் படிப்பித்து, சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் துணைவேந்தராக இருந்து 1994இல் இறந்துபோனார் என்று சீனியர் சொன்னபோது அவள் போனில் எழுதிக்கொண்டிருந்தாள். கொத்து ஆறிப்போயிற்று, ஒருவரும் கேட்கவில்லை. வெளியில் நம்முடைய சிங்கள நண்பன் ஒருவன் என் தோளைப் பிடித்து, சேரின் ஒரு பரீட்சையில் தான் குண்டடித்த கதையை அரைமணி நேரம் சொன்னான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஓகஸ்டில் மகளைப் பார்க்க வருகிறாயாமே. ஒரு சனிக்கிழமை எனக்குத் தா. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தைப் பற்றிப் பேசு. அந்த மண் அணைக்கட்டைச் சுற்றியே உன் உத்தியோகம் முழுக்கப் போனது, 2018 டிசம்பர் வெள்ளத்தில் நீ அங்கே நின்றவன். அணை மண் எப்படி நனைகிறது, எப்போது பயப்பட வேண்டும், கதவை யார் திறக்கச் சொல்வது, இதெல்லாம் உனக்கு ஸூம் இல்லாமலே வரும். "எனக்கு மேடை சரிவராது" என்று மட்டும் எழுதாதே. அக்பர் விடுதியில் இரவு இரண்டு மணிக்கு ஹோல் முழுக்கக் கேட்கப் பேசியவன் நீ.

அந்தப் பிள்ளை இரண்டு தரம் கேட்டுவிட்டாள், அடுத்தது எப்போது என்று. திகதியை எழுது, மண்டபம் பிடிக்க வேண்டும். முடிந்தால் வரும்போது கொஞ்சம் ஒடியல் மாவும் கொண்டு வா.

உன் பழைய அறைக்காரன்
ஹரோ, லண்டன்