பிராக் நகருக்குப் புறப்படும் மகளுக்கு

திருச்சிராப்பள்ளி

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். வெள்ளிக்கிழமை மாலை டிரெஸ்டனில் ரயிலேறி ஞாயிறு இரவு திரும்பும்படி தோழிகளோடு செக் நாட்டுத் தலைநகரான பிராக்குக்குப் போகப் போவதாகச் சொல்லி, நீ அனுப்பியிருந்த திட்டத்தைப் படித்துப் பார்த்தேன். கோட்டை, பாலம், கடிகாரம், யூதர் குடியிருப்பு, பெட்ரின் குன்றுக் கோபுரம் ஆகிய எல்லாவற்றையும் சனிக்கிழமை ஒரே பகலுக்குள் அடைத்துவிட்டு, இரவுக்கு நேரே 'பார்ட்டி' என்று ஒற்றைச் சொல்லை எழுதி வைத்திருக்கிறாய். அந்தத் திட்டத்தை அப்படியே தலைகீழாக்கு என்பதுதான் என் யோசனை. அந்த ஊரை இரவிலும் விடியலிலும் பார். பகலில் தூங்கு, அல்லது கூரைக்குக் கீழே இருந்துகொள். இரவில் வெளியே போகாதே என்று எழுதத்தான் அப்பா பேனாவை எடுத்திருப்பார் என நீ நினைத்திருந்தால், மேலே படி.

சென்ற கோடையில் நாங்கள் ஜெர்மனிக்கு உன்னிடம் வந்திருந்தபோது, உனக்கு விடுப்புக் கிடைக்காததால் நானும் அம்மாவும் மட்டும் போய்வந்த ஊர் அது. பகல் பதினொரு மணிக்குச் சார்லஸ் பாலத்தில் நின்றது ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் நின்றது போல்தான் இருந்தது. சிலைகளைப் பார்க்க முடியவில்லை, சிலைகளுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிறவர்களைத்தான் பார்க்க முடிந்தது. அதே பாலத்துக்கு மறுநாள் விடியற்காலையில் போனபோது, நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு முதியவரும், முக்காலி போட்டுக் கேமராவை நிறுத்தியிருந்த இருவரும், இரவு முழுவதும் ஆடிவிட்டு அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் கூட்டமும் தவிர வேறு யாருமில்லை. ஜூன் மாதத்தில் அங்கே காலை ஐந்து மணிக்குள் வெளிச்சம் வந்துவிடுகிறது. நீ ஐந்து மணிக்கு எழுந்திருக்க மாட்டாய் என்பது உன்னைப் பள்ளிக்கு எழுப்பிய எனக்குத் தெரியாததன்று. ஆகவே அந்த இளைஞர்களின் வழியைப் பின்பற்று: சனிக்கிழமை இரவு எங்கே ஆடினாலும் பாடினாலும், தூங்கப் போகுமுன் தோழிகளை இழுத்துக்கொண்டு அந்தப் பாலத்தின் வழியே நடந்து போ.

அங்கே நிற்கும்போது தெரிந்திருக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். பேரரசர் நான்காம் சார்லஸ் 1357ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் காலை 5 மணி 31 நிமிடத்துக்கு அதற்கு அடிக்கல் நாட்டினார் என்று சொல்கிறார்கள். ஆண்டு, நாள், மாதம், மணி, நிமிடம் என்று வரிசையாக எழுதினால் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என்று ஏறி இறங்கும். சோதிடர்கள் குறித்துக் கொடுத்த முகூர்த்தமாம். இதைக் கேட்டதும் உன் அம்மாவுக்கு அந்த ஊரின் மீது ஏற்பட்ட மரியாதையை எந்தக் கோபுரமும் ஏற்படுத்தவில்லை. 516 மீட்டர் நீளமும் 16 வளைவுகளும் கொண்ட அந்தப் பாலத்தின் இருபுறமும் 30 சிலைத் தொகுதிகள் நிற்கின்றன. அவற்றுள் பல இப்போது நகல்கள், மூலச் சிலைகளை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கிறார்கள். இருப்பனவற்றுள் மூத்தது 1683இல் வைத்த நெபோமுக் யோவானின் சிலை. மன்னர் நான்காம் வென்செஸ்லாசின் சினத்துக்கு ஆளாகி 1393இல் ஆற்றில் எறியப்பட்ட பாதிரியார் அவர். சிலையின் பீடத்தில் உள்ள வெண்கலத் தகடுகளைக் குனிந்து பார்: தகடு முழுவதும் கறுத்திருக்க, தலைகீழாக விழும் பாதிரியாரும், மற்றொரு தகட்டில் உள்ள ஒரு நாயும் மட்டும், தொட்டு வேண்டிக்கொள்கிறவர்களின் கை பட்டுப் பட்டுப் பொன் போல் மின்னுவதைக் காண்பாய். கீழே ஓடும் வல்தாவா ஆறு வடக்கே மியெல்னிக் என்ற இடத்தில் எல்பே ஆற்றில் கலந்து உன் டிரெஸ்டனுக்குத்தான் வருகிறது.

வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்ததும் பையை அறையில் போட்டுவிட்டு 22ஆம் எண் டிராமில் ஏறுங்கள். அது குன்றைச் சுற்றி மேலே போய்க் கோட்டைக்குப் பின்புறம் இறக்கிவிடும். ஏறிச் செல்லும் சிரமம் டிராமுக்கு, இறங்கி வரும் இன்பம் உங்களுக்கு. கோட்டை முற்றங்களுக்குள் இரவு பத்து மணி வரை கட்டணமில்லாமல் நடக்கலாம். அந்நேரத்தில் புனித வீத்துஸ் பேராலயத்தின் கதவு சாத்தியிருக்குமென்றாலும், 1344இல் தொடங்கி 1929இல்தான் முடிந்த அந்தக் கட்டடத்தின் பழைய பகுதியையும் புதிய பகுதியையும் மாலைச் சாய்வெயிலில் வெளியிலிருந்தே வேறுபடுத்திப் பார்க்கலாம். பழைய அரண்மனையின் ஒரு சன்னல் வழியாகத்தான் 1618ஆம் ஆண்டு மே மாதம் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் தூக்கி வெளியே எறிந்தார்கள். எறியப்பட்ட மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். அதன்பின் மூண்ட முப்பதாண்டுப் போரில் ஐரோப்பாவில் பல இலட்சம் பேர் பிழைக்கவில்லை. அங்கிருந்து நெருதோவா தெரு வழியாக மெல்ல இறங்கினால், ஒன்பது மணிக்குப் பிறகு பாலத்தில் எரிவாயு விளக்குகள் ஏற்றப்பட்டிருக்கும். மின்விளக்குகளை எடுத்துவிட்டு 2010ஆம் ஆண்டு மீண்டும் எரிவாயு விளக்குகளையே அங்கே வைத்தார்கள். அந்த மஞ்சள் ஒளி கண்ணைக் கூசச் செய்யாது. சிலைகளின் முகம் பாதிதான் தெரியும்.

பழைய நகரச் சதுக்கத்தில் உள்ள வானியல் கடிகாரம் 1410ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பகலில் அதன்முன் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பவர்கள், மணியடித்ததும் திருத்தூதர்களின் பொம்மைகள் சன்னலில் வந்து மறைய, இதற்குத்தானா என்ற முகத்தோடு கலைவார்கள். இரவு பதினொரு மணிக்கு நடப்பதுதான் அன்றைய கடைசிக் காட்சி, அதற்குப் போ. பொம்மைகளைவிட, அவற்றுக்கு நேர் கீழே உள்ள வட்டத்தைப் பார். சூரியனும் சந்திரனும் எந்த இராசியில் நிற்கின்றன என்பதை ஆறு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு பொறி இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. கடிகாரம் செய்தவரின் கண்ணைக் குருடாக்கினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வது கட்டுக்கதை. அதே கட்டடத்தின் கிழக்குப் பக்கத் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருப்பார்கள். 1621ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று அங்கே கொல்லப்பட்ட கிளர்ச்சித் தலைவர்களின் நினைவு அவை. பகலில் அவற்றின் மீது நின்றுகொண்டுதான் எல்லோரும் ஐஸ்கிரீம் தின்கிறார்கள்.

இனி, நீ ஒரே சொல்லில் எழுதிய பகுதி. உனக்கு இருபத்தேழு வயது. குடிப்பதும் குடியாமல் இருப்பதும் உன் முடிவு. தெரிந்துகொண்டு செய் என்று மட்டும் சொல்கிறேன். உலகிலேயே ஆளுக்குச் சராசரியாக மிக அதிகம் பீர் அருந்துகிறவர்கள் செக் மக்கள். ஆனாலும் நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்த பழைய பீர்க்கடையில் ஒருவரும் தள்ளாடவில்லை, ஒருவரும் கத்தவில்லை. தாத்தாவும் பேத்தியும் ஒரே மேசையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பரிசாரகர் ஒரு துண்டுச் சீட்டை மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கோப்பைக்கும் அதில் பேனாவால் ஒரு கோடு கிழிக்கிறார். கோப்பை காலியாவதைக் கண்டால் கேட்காமலே அடுத்ததைக் கொண்டுவந்து வைக்கிறார். போதும் என்றால், கோப்பைக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்து அதன் வாயில் மூடிவிட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் சீட்டில் கோடுகள் பெருகிக்கொண்டே இருக்கும். பலகையில் பத்து, பன்னிரண்டு என்று எழுதியிருப்பது மதுச்சத்தின் விழுக்காடன்று, நொதிப்பதற்கு முன் இருந்த சாற்றின் செறிவு. ஆயினும் பன்னிரண்டு, பத்தைவிடச் சற்றுக் கனமானதே. மது வேண்டாமென்றால் அதற்காக யாரும் உன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. நாங்கள் கோஃபோலா என்ற அந்நாட்டுக் கோலாவைக் குடித்தோம். அம்மா அதைக் கஷாயம் என்றாள், ஆனால் இரண்டாவதும் கேட்டாள். எங்களைப் போன்ற மரக்கறிக்காரர்களுக்குப் பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும், பழம் வைத்து அவித்த கொழுக்கட்டையும் எங்கும் கிடைக்கின்றன. தெருவெங்கும் சுழன்றுகொண்டிருக்கும் த்ரெதெல்னிக் என்ற சர்க்கரைச் சுருளைப் பழைய செக் பலகாரம் என்று விற்பார்கள். அது சுற்றுலாவோடு வந்த பண்டம்.

ஒரே இரவில் ஐந்தாறு கடைகளுக்குக் கும்பலாக அழைத்துப் போகும் சுற்றுகளில் சேராதே. 2024ஆம் ஆண்டு அந்நகர மன்றமே, இரவு பத்து முதல் காலை ஆறு வரை அப்படி அமைப்பாக நடத்தும் குடிச்சுற்றுகளைத் தடை செய்துவிட்டது. நடுநகரில் குடியிருப்பவர்கள் தூங்க முடியாமல் பட்ட பாடுதான் காரணம். அந்தத் தடையை எழுந்து நின்று வரவேற்கிறேன். ஊரைப் பார்க்க வந்தவர்கள், ஊரார் வாழ முடியாதபடி செய்வது என்ன நியாயம்?

சனிக்கிழமை இரவை இசையில் தொடங்கு. எஸ்டேட்ஸ் நாடக அரங்கில் 1787ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று மோட்சார்ட் தாமே முன்னின்று நடத்தித் தம் 'டான் ஜியோவானி' இசை நாடகத்தை முதன்முறையாக அரங்கேற்றினார். அதே அரங்கில் இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. மேல்மாடத்து இருக்கைகள் விலை குறைவு. அதற்கு இடம் கிடைக்காவிட்டால் ஆற்றங்கரைத் தேசிய அரங்கில் பார். 1881இல் திறந்த சில வாரங்களிலேயே தீக்கிரையான அதனை, மக்கள் மறுபடி பணம் திரட்டி 1883இல் மீண்டும் எழுப்பினார்கள். அங்கிருந்து சற்று நடந்தால் ரெதுதா என்ற ஜாஸ் மன்றம். 1994இல் அமெரிக்க அதிபர் கிளிண்டன், செக் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல் பரிசளித்த சாக்ஸபோனை அங்கே வாசித்தார். பிறகு உங்கள் வயதுக்குரிய இடங்களுக்குப் போங்கள். அவற்றைப் பற்றி எனக்குத் தெரியாது, உன் தோழிகளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை யூதர் குடியிருப்பின் தொழுகைக்கூடங்களும் கல்லறையும் ஓய்வு நாளுக்காகப் பூட்டியிருக்கும். ஆகவே அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று. நன்றாகத் தூங்கி எழுந்தபின் போ. பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி நின்றால் சாம்பல் நிறச் சுவராகவே தெரியும். நெருங்கினால்தான் குடும்பம் குடும்பமாகப் பெயர்களும், பிறந்த நாட்களும், கடைசியாகச் செய்தி கிடைத்த நாட்களும் புலப்படும். மாடியில் தெரெசின் முகாமில் அடைபட்டிருந்த பிள்ளைகள் வரைந்த ஓவியங்கள் உள்ளன. கூட்டமாகப் போனாலும் அங்கே தனித்தனியாக நடங்கள்.

சனிக்கிழமைப் பகலுக்கு வென்செஸ்லாஸ் சதுக்கமும் ஆற்றங்கரையும் போதும். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் வந்து நின்றதும், அதை எதிர்த்து 1969 ஜனவரியில் யான் பாலாக் என்ற மாணவர் தீக்குளித்ததும், 1989 நவம்பரில் இலட்சக்கணக்கானோர் சாவிக்கொத்துகளைக் குலுக்கி ஓசையெழுப்பிக் கம்யூனிஸ்ட் ஆட்சியை வழியனுப்பியதும் அந்தச் சதுக்கத்தில்தான். பிராக்கில் பிறந்து, அங்கேயே தமிழ் கற்பித்த நம் அறிஞர் கமில் சுவலபில், 1968க்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி நெதர்லாந்தில் பணியாற்ற நேர்ந்ததற்கும் அந்த டாங்குகளே காரணம். ஆற்றங்கரையில் இடுப்பை வளைத்து நிற்கும் 'ஆடும் வீடு' என்ற 1996ஆம் ஆண்டுக் கட்டடத்தைப் பார்த்துச் சிரிக்கலாம்; ஆனால் அந்த மனை காலியானது எப்படி என்பது டிரெஸ்டன்காரியான நீ அறிய வேண்டியது. 1945 பிப்ரவரி 14 அன்று டிரெஸ்டனைத் தாக்கப் புறப்பட்ட அமெரிக்க விமானங்களில் சில வழிதவறி, பிராக்கை டிரெஸ்டன் என்று எண்ணிக் குண்டு வீசின. எழுநூறு பேர் மாண்டார்கள். அன்று இடிந்த வீட்டின் இடம்தான் அது. பழைய நகரின் பெரும்பகுதி தப்பியதால்தான் இன்று நாம் அதைப் பார்க்க முடிகிறது. உன் ஊர் தப்பவில்லை.

பணம் குறித்து ஒன்று. அங்கே யூரோ அன்று, கொருனா. கூடியவரை அட்டையைப் பயன்படுத்து. கடையில் மாற்றி ஏமாந்தாலும், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போனால் பணத்தைத் திரும்பப் பெற 2019 முதல் சட்டம் இடம் தருகிறது. ஆயிரம் யூரோ அளவு வரை இது செல்லும். 22ஆம் எண் டிராமில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள். டிக்கெட்டை ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரையிடு. மெட்ரோ நின்றபின் 91 முதல் 99 வரை எண்ணுள்ள இரவு டிராம்கள் ஓடுகின்றன. எல்லாம் லசார்ஸ்கா நிறுத்தத்தில் சந்திக்கும்.

அறைக்குத் திரும்பியதும் ஒரு வரி செய்தி அனுப்பு. தூக்கத்தைக் கெடுப்போமோ என்று தயங்க வேண்டாம். அங்கே இரவு ஒரு மணி என்றால் இங்கே விடியற்காலை நாலரை, அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: தெருவெல்லாம் உருளைக்கல் பதித்தவை. நீ புதிதாக வாங்கிய குதிகால் செருப்பை டிரெஸ்டனிலேயே வைத்துவிட்டுப் போ.