காகித ஆலைக்காரர் வீட்டுப் படங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மகளைப் பார்க்க மான்செஸ்டர் வந்திருக்கிறேன். போன வாரம் டிராம் ஏறிப் பக்கத்து ஊரான பெரிக்குப் போய் அங்குள்ள கலைக்கூடத்தைப் பார்த்தேன். அந்த ஊரில் காகித ஆலை நடத்திய தாமஸ் ரிக்லி ஆசை ஆசையாய்ச் சேர்த்த படங்கள் அங்கே இருக்கின்றன. அவர் மறைந்த பிறகு, 1897-இல், விக்டோரியா ராணியின் வைர விழாவையொட்டிப் பிள்ளைகள் அத்தனையையும் ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். அவற்றை வைப்பதற்கென்றே எழுந்த கட்டடம் 1901-இல் திறக்கப்பட்டது.

ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்த, பிரான்சின் கலே கடற்கரைப் படம் இருக்கிறது. அந்தி வெளிச்சத்தில், ஈர மணலில் குனிந்து தூண்டில் புழு பொறுக்கும் பெண்கள். நாற்று நடும் நம்மூர்ப் பெண்களின் அதே முதுகுகள்! முப்பது வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். லேண்ட்சீர் என்ற இன்னொரு ஆங்கில ஓவியரின் படத்தில் பனியில் செத்துக் கிடக்கும் தாய்மானிடம் குட்டி பால் தேடுகிறது. அதை இரண்டாம் முறை பார்க்க மனம் வரவில்லை.

ஒரு வருத்தம். 1951-இல் 150 பவுண்டுக்கு வாங்கிய லௌரி என்ற ஆங்கில ஓவியரின் படத்தைப் பணமுடையால் நகராட்சி 2006-இல் ஏலத்தில் பன்னிரண்டரை லட்சம் பவுண்டுக்கு விற்றுவிட்டது. பணம் முக்கியம்தான், சரி. ஆனால் ஊர்ச் சொத்தை விற்க எப்படித்தான் மனம் வந்ததோ!

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்