அரையாண்டு விடுமுறையை முன்னிட்டுப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் வட்டார அளவில் பரிசு வாங்கி வந்தார்கள். விளையாட்டிலும் குறை வைக்கவில்லை. எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் வாசிப்பு முன்னேறியிருப்பதாக ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். காலை உணவைத் தவறாமல் சமைத்துத் தரும் மகளிர் குழுவினருக்கும், கழிப்பறைக் கதவுகளைச் சீர்செய்து கொடுத்த பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் நன்றி. மதிப்பெண் விவரங்களை வகுப்பாசிரியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

விடுமுறை தொடங்கும் முன் ஒரு செய்தியை மட்டும் உங்களிடம் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் சிலர், "இப்போதைய கார்ட்டூன்களில் நீதி என்று எதுவுமே இல்லை, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், நீதிபோதனை வகுப்பை அதிகப்படுத்துங்கள்" என்று கேட்டார்கள். நியாயமான கவலை. ஆனால் அதே வாரத்தில் பள்ளியில் நடந்த ஒன்று, கோளாறு வேறு இடத்தில் இருப்பதை எனக்குக் காட்டியது.

இரண்டாம் வகுப்பில் சற்றே பருத்த உடல்வாகு கொண்ட ஒரு மாணவன் இருக்கிறான். மதிய உணவில் முட்டை என்றால் அவனுக்கு உயிர். சில நாட்களாக அந்த முட்டையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, கை கழுவும் இடத்தில் இன்னொரு பையனிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். சத்துணவு அமைப்பாளர் கவனித்து என்னிடம் சொன்னார். கூப்பிட்டுக் கேட்டபோது, "எனக்குப் பிடிக்காது டீச்சர்" என்றான். பிறகுதான் விவரம் தெரிந்தது. உணவு வரிசையில் நிற்கும்போது நான்கைந்து பேர் சேர்ந்து அவனைக் 'காலியா' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "காலியா வருகிறான், முட்டையை மறைத்து வை" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பது வழக்கமாகியிருக்கிறது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலியா என்பவன் 'சோட்டா பீம்' தொடரில் வரும் பருமனான பையன். 2008 முதல் ஒளிபரப்பாகிவரும் அந்தத் தொடரைத் தயாரிப்பது ஹைதராபாத்தில் உள்ள நிறுவனம். தோலக்பூர் என்னும் ஊரில் பீம், சுட்கி, ராஜு, ஜக்கு என்ற குரங்கு ஆகியோர் நண்பர்கள். காலியாவுக்குப் பீம் மீது பொறாமை. வம்புக்கு இழுப்பான், தோற்றுப்போவான். ஆபத்து வரும்போது பல கதைகளில் அவனையும் சேர்த்துக் காப்பாற்றுகிறவன் பீம்தான். எளியவரைத் துன்புறுத்தாதே, பகைவனுக்கும் உதவு என்று திரும்பத் திரும்பச் சொல்லும் தொடர் அது. அதைத் தினமும் பார்க்கிற நம் பிள்ளைகள் அதிலிருந்து எடுத்து வந்தது ஒரு பட்டப்பெயர்.

அந்தப் பிள்ளைகளை என் அறையில் உட்காரவைத்து, கடைசியாகப் பார்த்த கதையைச் சொல்லச் சொன்னேன். யார் யாரை அடித்தார்கள், யார் எப்படிக் குப்புற விழுந்தார்கள் என்பதெல்லாம் நடித்தே காட்டினார்கள். கதை எப்படி முடிந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. "சண்டை முடிந்ததும் அடுத்ததுக்குத் தள்ளிவிடுவேன் டீச்சர்" என்றான் ஒருவன்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். கார்ட்டூனில் நீதி இல்லாமல் போய்விடவில்லை. அது கதையின் கடைசி இரண்டு நிமிடங்களில் இருக்கிறது. பிள்ளைகள் அதுவரை போவதில்லை. போகிறவர்களுக்கும் அது தானாகப் புரிவதில்லை.

'எங்கள் காலத்துக் கார்ட்டூன் நல்லது' என்ற பேச்சு உண்டு. 'டாம் அண்ட் ஜெர்ரி' 1940இல் தொடங்கியது. பூனையும் எலியும் ஒன்றையொன்று துரத்துவதும் அடிப்பதும் தவிர அதில் பெரிதாக என்ன நீதி இருந்தது? வேறுபாடு பார்த்த விதத்தில் இருந்தது. இன்று நம் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் இளம் பெற்றோர் பலர் 2007இல் தொடங்கிய சுட்டி டிவியைப் பார்த்து வளர்ந்தவர்கள். கூடத்தில் ஒரே தொலைக்காட்சி. பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே ஒரு கண் வைத்திருப்பார். தொடர் முடிந்தால் முடிந்ததுதான், மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேட்க வீட்டில் யாராவது இருந்தார்கள். இப்போது போர்வைக்குள் கைபேசி, காதில் இயர்போன். ஒரு கதை முடியும் முன்னே அடுத்தது தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. அரை நிமிடத் துண்டுகளில் சண்டை மட்டும் வருகிறது, சமாதானம் வருவதில்லை.

இது என் ஊகம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து வயதையொட்டிய குழந்தைகளுக்கு 'கிளிஃபர்ட்' என்ற தொடரின் ஒரு கதையைக் காட்டினார்கள். மூன்று கால்கள் மட்டுமே உள்ள நாய் ஒன்று ஊருக்கு வருகிறது. மற்ற நாய்கள் பயந்து ஒதுங்குகின்றன. கடைசியில் தங்கள் தவற்றை உணர்ந்து அதனோடு சேர்ந்து விளையாடுகின்றன. நம்மிலிருந்து மாறுபட்டவரை ஒதுக்கக்கூடாது என்பதே அந்தக் கதையின் நீதி. குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது எட்டவில்லை. மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்ற அளவில் நின்றவர்கள் பலர். கதையின் பெரும்பகுதியில் அச்சமும் ஒதுக்கலுமே காட்டப்படுவதால், குழந்தையின் மனதில் அதுதான் தங்குகிறது. நம் இரண்டாம் வகுப்பில் நடந்ததும் இதுவே.

டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நமக்கு நம்பிக்கை தருகிறது. 'டேனியல் டைகர்' என்னும் தொடரைப் பார்த்த சிறு குழந்தைகளிடம் பிறர் உணர்வை அறியும் குணம் வளர்ந்திருந்தது. ஆனால் எல்லாக் குழந்தைகளிடமும் அல்ல. தொலைக்காட்சியில் பார்த்ததைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி பேசும் வீடுகளில் மட்டும். அதே தொடரைத்தான் மற்றக் குழந்தைகளும் பார்த்தார்கள். பக்கத்தில் பேச ஆள் இல்லை.

'டோரேமான்' பார்த்து மகன் சோம்பேறியாகிறான் என்று ஒரு தந்தை வருத்தப்பட்டார். அவரிடம் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். அந்தத் தொடரில் வரும் சிறுவன் நோபிட்டா வீட்டுப்பாடம் செய்யாமல் ஏதாவது ஒரு மாயக் கருவியைக் கேட்டு வாங்குவான். அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவான். கடைசியில் அதனாலேயே மாட்டிக்கொண்டு அழுவான். குறுக்குவழி காலை வாரிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? ஆனால் கருவி கிடைக்கும் இடத்தோடு நிறுத்திவிட்டால் ஆசை மட்டுமே மிஞ்சும். 'ஷின்-சான்' பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. அது 1990இல் ஜப்பானில் பெரியவர்கள் படிக்கும் ஒரு வார இதழில் படக்கதையாகத் தொடங்கியது. பெற்றோரை எதிர்த்துப் பேசுவதும் பெரியவர்களைக் கிண்டல் செய்வதும் அதன் நகைச்சுவைக்கு உயிர். ஏழு வயதுக் குழந்தைக்கு அது நகைச்சுவை என்று தெரியாது, பேசும் முறை என்றே எடுத்துக்கொள்ளும். சிறிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் சூழலை அறியாமல் நான் எழுதவில்லை. மில்லில் இரவுப் பணி முடித்து வந்து, அப்படியே அடுப்படிக்குப் போகும் தாய்மார்கள் இந்தப் பள்ளியில் பலர் இருக்கிறார்கள். குழந்தை ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால்தான் சோறு பொங்கும். அந்த அரை மணி நேரத்துக்குக் கைபேசியைக் கொடுப்பதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

ஆயினும் ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். கேலி செய்த பிள்ளைகளின் வீடுகளோடு பேசியபோது, "சின்னப் பிள்ளைகள், விளையாட்டாகச் சொல்கிறார்கள், இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா" என்ற பதில் இரண்டு வீடுகளில் கிடைத்தது. இதை நான் ஏற்கவில்லை. ஒரு குழந்தை பசியோடு வகுப்புக்குத் திரும்பியிருக்கிறது. உருவத்தையோ நிறத்தையோ திக்கிப் பேசுவதையோ குறிப்பிட்டு ஒருவரை அழைப்பது இந்தப் பள்ளியில் விளையாட்டு ஆகாது. விடுமுறைக்குப் பிறகும் அது தொடர்ந்தால், சம்பந்தப்பட்ட பெற்றோரை நேரில் அழைப்பேன், வந்துதான் ஆக வேண்டும். அதேபோல, முதல் பாடவேளையிலேயே மேசையில் தலைசாய்த்துத் தூங்கும் பிள்ளைகளின் பெயர்கள் வகுப்பாசிரியர்களிடம் இருக்கின்றன. இரவு பதினொரு மணிவரை கைபேசி பார்த்த குழந்தைக்குக் காலையில் நாங்கள் எதைச் சொல்லிக்கொடுப்பது?

விடுமுறையில் உங்களால் இயன்றதைச் செய்யுங்கள் என்று கேட்கிறேன். இரண்டு முதல் ஐந்து வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், ஐந்து முதல் பத்து வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. அடுத்த படம் தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். எப்படி என்று தெரியாதவர்கள் கைபேசியோடு பள்ளிக்கு வாருங்கள், ஆசிரியர்கள் செய்து தருவார்கள். சாப்பிடும்போதும் படுக்கையிலும் கைபேசி வேண்டாம். துண்டு துண்டாகப் பத்துப் படங்கள் பார்ப்பதைவிட ஒரு கதையை முழுதாகப் பார்க்கட்டும்.

கூட உட்கார்ந்து பார்க்க நேரம் இல்லையா? பரவாயில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, "இன்று என்ன கதை பார்த்தாய், முதலிலிருந்து கடைசிவரை சொல்" என்று கேளுங்கள். குழந்தை சொல்லும்போது, "அடி வாங்கியவனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் அவர்களே கேட்கலாம். அவர்களுக்குக் கார்ட்டூன் தெரியாததே நல்லது, குழந்தை இன்னும் விளக்கமாகச் சொல்லும்.

எங்கள் பங்குக்கு, பள்ளி திறந்த பிறகு வெள்ளிக்கிழமைகளின் கடைசிப் பாடவேளையை இதற்கென ஒதுக்குகிறோம். ஐந்தாம் வகுப்புவரை ஒவ்வொரு வாரமும் சில பிள்ளைகள் தாங்கள் பார்த்த ஒரு கதையை முடிவோடு சொல்வார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பெற்றோர் விரும்பினால் வந்து உட்காரலாம்.

நான் பேசிய மறுநாளே, கேலி செய்த ஒரு மாணவனின் தாய் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மகனோடு வந்தார். மகனைத் திட்டவில்லை. மதிய உணவு நேரத்தில் மகனையும் கேலிக்கு ஆளான அந்த மாணவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை தாமும் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு என் மனமார்ந்த நன்றி. தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டு, மகனிடம் பேசுகிறேன் என்று உறுதி சொன்ன தந்தைக்கும் நன்றி. இந்தக் கடிதத்தை இதுவரை படித்த உங்கள் அனைவருக்கும் நன்றி.

பள்ளி திறக்கும் நாள் குழந்தைகளின் நாட்குறிப்பில் எழுதி அனுப்பப்பட்டுள்ளது. அன்று பாடநூல்களோடு வரச் சொல்லுங்கள். விடுமுறையில் கிணறு, குளம், வாய்க்கால் பக்கம் பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். அனைவருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகளை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி