மாப்ளைக்கு ஒரு லெட்டர்: ஜனவரிய விடு, செப்டம்பர பாரு

மாப்ள,

நேத்து ராத்திரி ஃபேமிலி குரூப்ல நீ போட்ட போட்டோ பாத்தேன், ஜிம் கண்ணாடி முன்னாடி கைய மடக்கி வச்சிக்கிட்டு நின்னது. கூடவே ஒரு லிஸ்டு வேற, வாரத்துக்கு ஆறு நாள், தினம் ஒன்றரை மணி நேரம், சோறு கட், சீனி கட்னு. உங்க அக்கா நெருப்பு எமோஜியா விட்டா, அத்தை "சோறு திங்காம என்னடா உடம்பு"ன்னு வாய்ஸ் நோட் போட்டாங்க, நான் மட்டும் ஒண்ணும் போடல. நாலு வரியில சொல்ற விஷயம் இல்ல, அதான் இங்க வந்து எழுதுறேன். உன் பேர் போடல, பயப்படாத.

ஒரே ஒரு கேள்விதான். போன தடவ உங்க ஆபீஸ்ல ரிலீஸ்னு மூணு வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு படுத்து காலையில எட்டு மணி மீட்டிங்குக்கு கண்ணு செவக்க உக்காந்தியே, அந்த மூணு வாரத்துல இந்த லிஸ்டுல எது நடக்கும்?

எனக்கு 29 வயசுல இதே கூத்து நடந்துச்சு. ஜனவரி மாசம், ஒரு வருஷ பணம் மொத்தமா கட்டினா டிஸ்கவுண்ட்னு சொன்னாங்க, கட்டிட்டேன். மொத நாளே மாஸ்டர் கால போட்டு பிழிஞ்சதுல ரெண்டு நாள் கழிச்சு எங்க வீட்டு மாடிப்படியில கைப்பிடிய புடிச்சிக்கிட்டு பின்பக்கமா இறங்கினேன், கீழ் வீட்டு பாட்டி "வாதமாப்பா"ன்னு கேட்டாங்க. ஆனா வலிச்சா வேல செய்யுதுன்னு எனக்கு ஒரே பெருமை. ரெண்டு மாசத்துல வெயிட் கிடுகிடுன்னு ஏறுச்சு, மூணாவது மாசம் பெஞ்ச் பிரஸ்ல, அதான் மல்லாக்க படுத்து ராட நெஞ்சுக்கு மேல தள்ளுறது, பக்கத்துல ஒருத்தன் பாக்குறான்னு ரெண்டு பக்கமும் ஒரு பிளேட்டு சேத்து போட்டேன், தோள்பட்டை போச்சு. சட்டை மாட்டவே உங்க அக்கா ஹெல்ப் பண்ணா. அது ஆறுறதுக்குள்ள ஜூலை வந்துருச்சு, நான் வேல பாக்குற ஆடிட்டர் ஆபீஸ்ல ஜூலைன்னா வருமான வரி கணக்கு போடுற நெருக்கடின்னு உனக்கே தெரியும், அதோட அந்த வருஷம் முடிஞ்சுது.

அப்ப பிசியோ பாத்த டாக்டரம்மா சொன்னதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் உதவுது. ஆரம்பத்துல மளமளன்னு ஏர்ற பலம் பெரும்பாலும் சதை இல்லையாம், மூளையும் நரம்பும் அந்த வேலைய கத்துக்கிறதாம். சதை அதுக்கப்புறம் தேறும், சதைய எலும்போட கட்டி வச்சிருக்கிற நாண் இருக்கே, அது இன்னும் மெதுவா தேறும். அதனால கை "தூக்கிடலாம்"னு சொல்றப்ப தோள் மூட்டு தயாரா இருக்காது. நீ இப்ப சரியா அந்த எடத்துலதான் நிக்கிற, ரெண்டாவது மாசம், எல்லாம் ஏறுது.

சரி, திரும்ப எப்படி ஆரம்பிச்சேன்னு சொல்றேன். செப்டம்பர்ல ஆரம்பிச்சேன். டாக்ஸ் ஆடிட் கடைசி தேதி 30, ஆபீஸ்லயே தூங்குற மாசம், அந்த மாசத்துல எது முடியுமோ அதுதான் என் அளவுன்னு வச்சிக்கிட்டேன். வாரம் ரெண்டு நாள், அரை மணி நேரம், நாலே ஐட்டம்: ஸ்குவாட் (உக்காந்து எந்திரிக்கிறது), தண்டால், டம்பெல்ல குனிஞ்சு இழுக்குறது, டெட்லிஃப்ட் (தரையில இருக்கிற வெயிட்ட புடிச்சு நிமிர்றது). மத்த மாசத்துல அது மூணு நாளாகும், முக்கா மணி நேரமாகும், வேணும்னா நடையும் சேரும். ஆனா செப்டம்பர் அளவுக்கு கீழ மட்டும் போறதில்ல. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்றதே வாரத்துக்கு 150 நிமிஷத்துல இருந்து 300 நிமிஷம் வரைக்கும் மிதமான உடலுழைப்பு, கூட ரெண்டு நாளாவது சதைக்கு வேல, அவ்வளவுதான். ஆறு நாள் ஒன்றரை மணி நேரம்னா 540 நிமிஷம் மாப்ள, யாருக்காக?

ரெண்டு நாள்ல என்னத்த கிழிக்க முடியும்னு கேப்ப. அமெரிக்காவுல அலபாமா யுனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி, 2011ல வந்துச்சு. 16 வாரம் வாரம் மூணு நாள் வெயிட் அடிக்க வச்சு, அப்புறம் 32 வாரத்துக்கு சிலர நிறுத்தச் சொன்னாங்க, சிலருக்கு மூணுல ஒரு பங்கா குறைச்சாங்க, சிலருக்கு ஒம்போதுல ஒரு பங்கு, அதாவது வாரத்துக்கு ஒரே நாள், ஒவ்வொரு ஐட்டமும் ஒரே செட்டு (நிறுத்தாம செய்யிற ஒரு ரவுண்டு). உன் வயசுக்காரங்களுக்கு அந்த ஒம்போதுல ஒரு பங்கே சதைய புடிச்சு வச்சிருக்க போதுமா இருந்துச்சு. வயசானவங்களுக்கு பலம் நின்னுச்சு, சதைய காப்பாத்த அது போதல. ஏத்துறதுக்குத்தான் உழைப்பு, வச்சிருக்கிறது சல்லிசு. முழுசா விட்டுட்டு மறுபடி ஜனவரியில மொதல்ல இருந்து வர்றதுதான் நம்மாளுங்க செய்யிற தப்பு.

மாமா சொல்வாருல்ல, அவங்க ஊர்ல இளவட்டக்கல், அதான் பொண்ணு கட்டணும்னா தூக்கிக் காட்டணும்பாங்களே அந்த உருண்டைக் கல், அத தூக்குறவன் அதுக்குன்னு தனியா எதுவும் பண்ணினது இல்ல, வருஷம் பூரா களத்துல 75 கிலோ நெல் மூட்டை சுமந்தவன் பொங்கலுக்கு கல்லையும் தூக்கிட்டு போனான்னு. (நல்லவேளை பொண்ணு குடுக்க எனக்கு அந்த டெஸ்ட் வைக்கல.)

அப்புறம் 21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்னு ஒரு ரீல் ஷேர் பண்ணியே, அத நம்பாத. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேர வச்சு பாத்தாங்க, ஒரு பழக்கம் தன்னால வர்றதுக்கு சராசரியா 66 நாள், ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 நாள் வரைக்கும் ஆகும்னு கணக்கு வந்துச்சு. அதுல எனக்கு புடிச்சது என்னன்னா நடுவுல ஒரு நாள் விட்டவங்களுக்கு பெருசா ஒண்ணும் கெட்டுப்போகல. நீ ஒரு நாள் விட்டா மூணு நாள் உன்னையே திட்டிக்கிற ஆளு, அதான் சொல்றேன்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக்க, ஆப்பெல்லாம் வேணாம். தேதி, வெயிட், எத்தன தடவ. எல்லா செட்டையும் ஒழுங்கா முடிச்சு இன்னும் ரெண்டு போட முடியும்னு இருந்தா மட்டும் அடுத்த தடவ ரெண்டரை கிலோ ஏத்து. பிளேட்டு மாட்டுற ராடு எத்தன கிலோன்னும் எழுதிக்க, போட்டியில ஆம்பளைங்க ராடு 20 கிலோ, ஆனா எங்க ஜிம் ராட கையில புடிச்சிக்கிட்டு எடை மிஷின்ல ஏறி என் எடைய கழிச்சு பாத்தா 12தான் வந்துச்சு, அது வரைக்கும் ஊரெல்லாம் எட்டு கிலோ சேத்து சொல்லிட்டு திரிஞ்சிருக்கேன்.

சோத்த நிறுத்தாத. குறைச்சுக்க, கூட ரெண்டு முட்டை வச்சுக்க, ஒண்ணுக்கு ஆறு கிராம் புரோட்டீன் வருது. அத்தைகிட்ட சண்டையும் மிச்சம்.

அக்டோபர் மொத வாரம் நீ மதுரைக்கு வர்ற, நோட்டோட வர்ற. நானும் என் நோட்ட எடுத்துட்டு வர்றேன், செப்டம்பர் பக்கத்த மட்டும் தெறந்து வைப்போம், எவன் நோட்டுல வாரம் ரெண்டு நாள் இல்லையோ அவன் பரோட்டா வாங்கித் தரணும். எனக்கு நாலு, சால்னா தனியா.

மச்சான்