டான்டிலியன் ரப்பரும் களையும்

குலசேகரம்

அன்புள்ள செல்வராஜ்,

குப்பத்தில் கடலைக்கு முதல் களை எடுத்து முடித்ததாக நீ எழுதியது கண்டு மகிழ்ந்தேன். இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு முடங்கிக் கிடக்கிறது.

டான்டிலியன் என்ற மஞ்சள் பூச்செடியின் வேரிலிருந்து ரப்பர் எடுக்கிறார்களாமே, அது நம் மரத்துக்கு மாற்றாகுமா என்று கேட்டிருந்தாய். வேரில் ரப்பர் இருப்பது உண்மைதான். உலர்ந்த வேரை ஒடித்தால் இரு துண்டுகளுக்கும் இடையே மெல்லிய இழைகள் இழுபடும். 1930களின் தொடக்கத்தில் சோவியத் ஆய்வாளர்கள் கசகஸ்தான் மலைப்பகுதியில் கண்டறிந்த தனி வகை டான்டிலியன் அது. 1942இல் ரப்பர் விளையும் மலேயா ஜப்பானியர் கைக்குப் போனபின் அமெரிக்காவும் அதைப் பயிரிட்டுப் பார்த்தது. ஆனால் அதன் விளைச்சலுக்குப் பெரும் பகை களைதான் என்பது என் எண்ணம்.

நம் ரப்பர்க் கன்றுக்கும் முதல் சில ஆண்டுகள் களைத் தொல்லை உண்டு. போன வாரம்கூட மைக்கேனியாக் கொடி கொழுந்தைச் சுற்றிக் கன்றையே வளைத்திருந்ததை ஆள் விட்டு அறுத்தெறிந்தேன். ஆனால் களையை அடக்க இடையில் விதைக்கும் மூடுபயிரான புரேரியா பரவி, பின்னர் மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கூடிவிட்டால், அந்த நிழலிலேயே களை ஒடுங்கிவிடும். டான்டிலியனுக்கு அந்த வாய்ப்பே இல்லை. விதை மிகச் சிறியது என்பதால் மேலாகத்தான் விதைக்க வேண்டும். நாற்று மெதுவாக வளரும். இலைகளோ தரையோடு தரையாக வட்டமாகப் படுத்திருக்கும். பக்கத்தில் முளைக்கும் களை எதுவானாலும் எளிதில் அதற்கு மேலே எழுந்து வெயிலை மறைத்துவிடும். வெயில் குறைந்தால் வேர் பருக்காது; வேர் பருக்காவிட்டால், அதிலுள்ள ரப்பர் விகிதம் எவ்வளவு உயர்ந்த வித்தாக இருந்தாலும் ஏக்கருக்குக் கிடைக்கும் ரப்பர் சொற்பமே.

களைக்கொல்லியும் பாதித் துணைதான். புல்லினத்தை மட்டும் கொல்லும் மருந்துகள் உண்டு. அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் மருந்தோ பெரும்பாலும் இந்தச் செடியையும் சேர்த்தே தாக்கும். அதைவிடக் கொடுமை, சாதாரண டான்டிலியனே அங்கே களையாக முளைப்பது: தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்று, வளர்ச்சியில் வேகம், வேரில் ரப்பரோ மிகக் குறைவு. கையால் களை பறிப்பவர் எதைப் பிடுங்குவது, எதை விடுவது?

குவாயூல் என்ற மெக்சிகோப் புதரும் மாற்று ரப்பர்தான். உன் வரப்பை அடைத்து நிற்கும் பார்த்தீனியத்தின் நெருங்கிய இனம் அது. ஆனால் அந்த முரட்டு வேகம் அதன் நாற்றுக்கு வாய்க்கவில்லை. புதராக எழும்வரை அதையும் களையிலிருந்து காக்கத்தான் வேண்டும்.

டான்டிலியன் குளிர்நாட்டுச் செடி என்பதையும் மறந்துவிடாதே. வித்து விற்க யாரேனும் உன் வாசலுக்கு வந்தால், ரப்பர் எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன், முதல் இரண்டு மாதக் களைக்கு எத்தனை ஆள் கூலி என்று கேள்.

உன் அன்பு நண்பன்,
தங்கராஜ்