பொருள்: மெலோட்ரான் டேப் மாற்றியதில் குறைபாடு, பழைய டேப்புகளுக்குச் சேதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
கோலாலம்பூர்.

ஐயா,

கட்டையை அழுத்தினால் டேப்பில் பதிந்த இசை ஒலிக்கும் என்னுடைய மெலோட்ரான் எம்400 கருவியைப் பினாங்கிலிருந்து லாரியில் ஏற்றி உங்கள் பட்டறைக்கு அனுப்பியபோது இரண்டு வேலைகள் கேட்டிருந்தேன். புது டேப் செட் போடுவது ஒன்று. பழைய டேப்புகளைக் கணினியில் பதிந்து, எண் எழுதி, வரிசை மாறாமல் திருப்பித் தருவது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி விலை போட்டுக் கொட்டேஷன் அனுப்பியது நீங்கள்தான். முழுப் பணமும் கட்டிவிட்டேன். முதல் வேலை அரைகுறை. இரண்டாவது வேலையை வேலை என்றே சொல்ல முடியாது.

பழைய டேப்புகள் வந்து சேர்ந்த கோலத்தைக் கேளுங்கள். 35 டேப்புகளும் ஒரே பிளாஸ்டிக் பையில், ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலும் எண் இல்லை. ரப்பர் இறுக்கிய இடமெல்லாம் மடிப்பு. மடிந்த டேப், அதிலுள்ள ஒலியை எடுக்கும் ஹெட்டில் சரியாகப் படியாது, அந்த இடத்தில் ஒலி விட்டுப்போகும். ஒரு டேப் ஓடுவதே எட்டு விநாடிதான். இந்தக் கருவியில் ஒரு கட்டைக்கு ஒரு டேப் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எது எந்தக் கட்டையுடையது என்று இனி ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டுத்தான் நான் பிரிக்க வேண்டும். பினாங்கு ஈரத்தில் பழைய டேப்பின் பசை இளகினால், ஓட்டும்போது பூச்சே உரிந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. பையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்கூட இல்லை.

பென்டிரைவில் 35 கோப்புகள் இருக்கின்றன. ஒரு டேப்பில் மூன்று டிராக், ஆக 105 இருக்க வேண்டும். வயலினை மட்டும் பதிந்துவிட்டுப் புல்லாங்குழலையும் கோரஸையும் விட்டுவிட்டார்கள். டிராக் மாற்றும் குமிழைத் திருப்பியிருந்தால் போதும்.

சரி, புது டேப்பாவது ஒழுங்காக ஓடுகிறதா? மேல்பாதிக் கட்டைகளில் சுரம் ஆடுகிறது. டேப்பைச் சுழலும் தண்டோடு பிடிக்கும் பின்ச் ரோலர், ஹெட்டோடு பிடிக்கும் ஃபெல்ட் பேட் இரண்டின் அழுத்தத்தையும் கட்டைக்குக் கட்டை சரிபார்த்திருக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்த்தேன். பேட்கள் பழையவைதான், பழுப்புத் தூள்கூடத் துடைக்கப்படவில்லை.

போனில் கேட்டதற்கு உங்கள் ஊழியர், "புது டேப் போட்டாச்சே சார், பழசு எதுக்கு?" என்றார். பழசு எதற்கு என்று நினைத்தவர்கள் அதைப் பாதுகாக்கப் பணம் வாங்கியது எதற்கு? புது செட்டில் பதிவு சுத்தமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 1970களில் கருவியோடு வந்த டேப் போனால் போனதுதான்.

பழைய டேப்புகளுக்காக வாங்கிய தொகையை முழுதாகத் திருப்பித் தாருங்கள். டெக்னீஷியன் ஒருவரை உங்கள் செலவில் ஜார்ஜ்டவுனுக்கு அனுப்பி, பேட்களை மாற்றி, அழுத்தத்தைச் சரிசெய்து, விடுபட்ட 70 பதிவுகளையும் என் கண்முன்னே எடுத்துக் கொடுங்கள். கருவியை மறுபடி அங்கே அனுப்ப மாட்டேன்.

14 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். கொட்டேஷன், ரசீது, டேப்புகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.